பிஸ்கட் ஜாடியில் சாராயம்

3 மார்ச், செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். வல்லாரையைக் கழுவி, பழைய வேட்டித் துணியில் பரப்பி, சாமான் அறை நிழலில் வைத்தாயிற்று. வாடிய பிறகுதான் வெட்டிச் சாராயத்தில் போடவேண்டும். ஈரத்தோடு போட்டால் டிங்சர் கெட்டுப்போகும். கண்டி டவுனில் ஹோமியோபதி டொக்டரிடம் அத்தனை வருடம் மருந்து கலக்கிக் கொடுத்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டொக்டர் இப்போது அவுஸ்திரேலியாவில், மகன் வீட்டில். டிஸ்பென்சரி இருந்த இடத்தில் போன் கடை. நான் கட்டுகஸ்தோட்டையில், அண்ணன் வீட்டில், குசினிக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில். அரிசி மூட்டைக்கும் எனக்கும் ஒரே கதவு.

செய்ய வேண்டியது:
ஆடாதோடை, துளசி, இஞ்சி வடிகட்டுவது (ஞாயிறு).
நஸீமாவிடம் கராம்பு.
மண்ணிறச் சின்னப் போத்தல், மூடியோடு.
அண்ணனிடம் சாராயம் சொல்வது.

கடைசி வேலையைத்தான் தள்ளிக்கொண்டே வருகிறேன். பெண்களுக்குச் சாராயம் விற்கக்கூடாது என்பது சட்டம். போன வருடம் டவுனில் ஒரு வைன் ஸ்டோர்ஸில் நானே போய்க் கேட்டுப் பார்த்தேன். மருந்து செய்ய என்றேன். இங்கே வருகிற எல்லோருமே மருந்துக்குத்தான் வாங்குகிறார்கள் நோனா, என்றான் சிங்களத்தில். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் எனக்கு முகம் எரிந்தது.

ஆகவே அண்ணன். குடியை விட்டு மூன்று வருடமான மனிதரை அனுப்பித்தான் நான் சாராயம் வாங்குகிறேன். கதிர்காமத்தில் சத்தியம் பண்ணிவிட்டு வந்தவர். வேறு ஆண்பிள்ளை இந்த வீட்டில் இல்லை. அவரும் ஒரு தடவையாவது முடியாது என்று சொன்னதில்லை.

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன், இரண்டு போத்தல் என்று. சரி தங்கச்சி என்றார். அண்ணி சம்பல் கிண்ணத்தை மேசையில் வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே இருந்தது.

4 மார்ச், புதன்

நாளை போயா, பௌர்ணமி விடுமுறை, சாராயக் கடை பூட்டு. அதனால் இன்றே வாங்கிவந்துவிட்டார். அண்ணன் டவுனில் புடவைக் கடையில் வேலைக்கு நிற்கிறார், கடைப் பைக்குள் வைத்துக் கொண்டுவருவார். கேட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். குடித்த காலத்தில் இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. அப்போது பாட்டோடு வருவார், ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

அண்ணியின் சட்டம்: லேபல் ஒட்டிய போத்தல் சாமி படம் இருக்கிற வீட்டில் நிற்கக்கூடாது. வந்த கையோடு பெரிய பிஸ்கட் ஜாடியில் ஊற்றிவிட வேண்டும். சிவப்பு மூடி போட்ட கண்ணாடி ஜாடி, மூடப்போன ஒரு தேத்தண்ணிக் கடையில் வாங்கியது. அதை அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய சேலைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வெறும் போத்தல்களை அண்ணன் காலையில் வேலைக்குப் போகிற வழியில் எங்கேயோ போட்டுவிடுவார்.

ஊற்றும்போது சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எப்போதும் அப்படித்தான். அப்பா கடைசி வரைக்கும் இந்த வாசனையோடுதான் கிடந்தார். டொக்டரிடம் பர்மிட்டில் ஸ்பிரிட் வரும், அது ஆஸ்பத்திரி வாசனை, அதில் எனக்குச் சங்கடம் இல்லை. இதில் மருந்து செய்கிறேனே தவிர ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. வாசனையும் முழுதாக உள்ளே போனதில்லை.

அண்ணி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது இன்னும் எத்தன நாளைக்கு இங்க இருக்கும்?"

முடிகிற வரைக்கும் என்றேன். சாராயம் என்று அவள் வாயால் சொல்லமாட்டாள். எப்போதும் "அது"தான்.

6 மார்ச், வெள்ளி

குண்டசாலைக்குப் போய்வந்தேன். இரண்டு பஸ், இரண்டிலும் நின்றுகொண்டு. ஆனால் இன்று கால் வலி பற்றி எழுதப்போவதில்லை.

குண்டசாலை மேடம் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கி மூலிகைக் குளியல் எடுக்கிற இடம் ஒன்று நடத்துகிறார். எனக்காகச் சிங்களத்தை மெதுவாகப் பேசுவார். ஜனவரியில் கொடுத்த டிங்சர் எல்லாம் முடிந்துவிட்டதாம். இஞ்சி டிங்சரை ஒரு அம்மா மூன்றாக வாங்கிக்கொண்டு போனாளாம், பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்க. இனி என் டிங்சரை ஒழுங்காக எடுப்பதாகச் சொன்னார். பெப்ரவரியில் ஊறப்போட்டதை, சித்திரைப் புதுவருடத்துக்கு ஆட்கள் வருமுன் கொடுத்துவிட வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு கதவைத் திறந்து காட்டினார். பின்பக்கம் ஒரு அறை. பைப், சிங்க், சுவரில் தட்டு, கட்டில் போட இடம், ஜன்னல். ஜன்னலால் பார்த்தால் பல்லேகலப் பக்கம் போகிற ரோடு. இந்தத் தடவை சரக்கு நன்றாக வந்தால் ஏப்ரலிலிருந்து இங்கேயே வந்து செய்யுங்கள், தங்கிக்கொள்ளலாம், சாராயம் எங்கள் டிரைவர் வாங்கிக்கொண்டு வருவான் என்றார். சாவி உங்களிடமே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

ஐம்பத்தொரு வயதாகிறது. என்னிடம் ஒருவர் சாவியைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. திரும்பும்போது பஸ்ஸில் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் டொபி ஒன்று தந்தாள்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சரக்கைக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம்.

8 மார்ச், ஞாயிறு

ஆடாதோடை கெட்டுவிட்டது.

மூடியைத் திறந்ததும் புளித்த வாடை. மேலே வெள்ளையாக ஆடை படிந்திருக்கிறது. வடிகட்டினால் கலங்கல். துளசியும் அப்படியே. இஞ்சிக்கு இன்னும் ஆடை பிடிக்கவில்லை, ஆனால் வாடை வந்துவிட்டது. ஜனவரியில் இதே இலை, இதே போத்தல், இதே கை. அப்போது தேன் நிறத்தில் தெளிவாக வந்தது.

எல்லாவற்றையும் வாழைமரத்தடியில் ஊற்றினேன். அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டே, "வாழ மரத்துக்கும் பழக்கிவிடு" என்றாள். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

9 மார்ச், திங்கள்

தூங்கவில்லை. எங்கே பிழை? யோசித்தவை:
இலை வாடவில்லையா. வாடியது. கையால் தொட்டுப் பார்த்தேன்.
போத்தலில் தண்ணீர் இருந்ததா. இல்லை. வெந்நீர் ஊற்றி, வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.
வெக்கையா. சாமான் அறை ஜனவரியிலும் இதே அறைதான்.
எனக்கு வயதாகிவிட்டதா. இருக்கலாம்.

மறுபடி செய்யவேண்டும். வல்லாரையை வெட்டிப் போட்டேன், ஆடாதோடை புதிதாகப் பறித்து வாடப்போட்டிருக்கிறேன். ஜாடியில் சாராயம் இருக்கிறது. மேடத்துக்கு மாதக் கடைசிக்குள் கொடுத்தால் போதும்.

அண்ணன் வேலை முடிந்து வந்து சாமான் அறை வாசலில் நின்று, என்ன முகம் வாடிக் கிடக்கு என்று கேட்டார். கெட்டுப்போச்சு என்றேன். மறுபடி செஞ்சுக்கலாம், இன்னும் வேணும்னா வாங்கித் தாரேன் என்றார். இத்தனை கருணை எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

11 மார்ச், புதன்

நஸீமா வந்தாள். மடவளையிலிருந்து, குடையும் கராம்புப் பையுமாக. அவள் புருசனுக்கு வாசனைச் சரக்கு வியாபாரம். டொக்டர் காலத்திலிருந்தே எனக்குப் பழக்கம், மாமியாருக்கு மருந்து வாங்க வருவாள். சாராயம் போட்ட மருந்தை அவள் வீட்டில் தொடமாட்டார்கள். அவளுக்காகத் தென்னை விநாகிரியில், அந்தப் புளிக்காடியில், ஊறப்போட்டுத் தருவேன். பெப்ரவரியில் அப்படிக் கொடுத்தது ஆடாதோடை. குண்டசாலைக்குப் போட்ட அன்றே, ஒரே கூடையில் பறித்த இலை.

கெட்டுப்போன கதையைச் சொன்னேன். அவள் கராம்பைச் சுளகில் கொட்டி, காம்பு பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எங்களுக்குத் தந்த விநாகிரி மருந்து நல்லா தானே ஈக்கி. மாமி இண்டைக்கு காலையிலயும் குடிச்ச. அதே எலதானே, அதே போத்தல்தானே. அப்ப குத்தம் எலையில இல்ல அக்கா. உங்கட அதுலதான்."

அவளும் "அது" என்றுதான் சொல்கிறாள். ஆனால் சொன்னது சரி. டிஸ்பென்சரியில் கத்துக்குட்டிக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் தோன்றவில்லை, நான் என்னையே திட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

ஜாடியைத் திறந்தேன். முதல் தடவையாகத் தலைப்பால் மூக்கைப் பொத்தாமல் முகர்ந்தேன். அப்பாவின் வாசனை இருக்கிறது. ஆனால் தூரத்திலிருந்து வருகிறது. வல்லாரைப் போத்தலையும் பார்த்தேன், அதற்குள் கலங்கத் தொடங்கிவிட்டது.

12 மார்ச், வியாழன்

டொக்டர் சில டிங்சர்களை ஃபிரிஜ்ஜின் ஐஸ் பெட்டியில் வைப்பார். ஒன்றும் உறைந்ததில்லை. அது ஞாபகம் வந்தது. நேற்றிரவு ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து, ஜனவரிச் சரக்கில் மிஞ்சிய சின்னப் போத்தலையும் எடுத்து, இரண்டையும் எங்கள் ஐஸ் பெட்டியில், சூரை மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இன்று காலை ஜனவரிப் போத்தல் உறையாமல் அப்படியே இருந்தது. டம்ளர் ஐஸ்பழம். கரண்டியால் சுரண்ட வேண்டியிருந்தது.

தண்ணீர் கலந்திருக்கிறது. கொஞ்சநஞ்சமல்ல.

இந்த வீட்டில் மூன்று பேர். நான் கலக்கவில்லை. அண்ணி அதன் பெயரைக்கூடச் சொல்லமாட்டாள். மிச்சம் யார் என்று கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை.

பாதியைக் குடித்துவிட்டு, மட்டம் குறையாமல் பைப்புத் தண்ணீர். மூன்று வருடம். கழுத்தில் கதிர்காமத்துக் கயிறு. வெள்ளிக்கிழமை மரக்கறி. "மறுபடி செஞ்சுக்கலாம்." என் அறையை, என் சாவியைக் குடித்திருக்கிறார்.

13 மார்ச், வெள்ளி

சொல்லலாமா வேண்டாமா. அண்ணியிடம் சொன்னால் வீடு இரண்டாகும். மூன்று வருடமாக அக்கம்பக்கத்தில் தலை நிமிர்ந்து நடக்கிறாள், எங்க வீட்டு மனுசன் தொடுறதில்ல என்று சொல்லி. சொல்லாமல் விட்டால் அடுத்த சரக்கும் வாழைமரத்துக்குத்தான்.

அண்ணனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சாப்பிடும்போது, பேப்பர் வாசிக்கும்போது. கை நடுங்குகிறதா, கண் சிவந்திருக்கிறதா. இன்று சிவந்திருந்தது. கடையில் தூசி என்றார்.

வல்லாரையும் போயிற்று.

15 மார்ச், ஞாயிறு

அண்ணி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துச் செய்தேன். அண்ணன் மேசையில் பேப்பரோடு இருந்தார். ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"அண்ணே, இத ஒருக்கா ருசி பாத்துச் சொல்லுங்க. நல்லதா, தண்ணி கலந்ததான்னு. எனக்குத் தெரியாது, அண்ணிக்கும் தெரியாது."

டம்ளரைப் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்தார்.

"நா தொட்டு மூனு வருசமாச்சு தங்கச்சி. தெரியாதா ஒனக்கு?"

"அப்பிடியா" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டம்ளரை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார். வைத்துவிட்டு அப்படியே இருந்தார். அதற்குப் பிறகு ஒரு வாய் விழுங்கினார்.

"பாதிக்கு மேல தண்ணி" என்றார்.

"ஒங்களுக்கு நல்லாத்தான் ருசி ஞாபகமிருக்கு" என்றேன்.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. முகம் எப்படி ஆனது என்று எழுத வரவில்லை. எழுந்து போய், மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றி, டம்ளரைச் சவுக்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். இருட்டும்போதுதான் வந்தார், சும்மாதான் வந்தார், வாடை ஒன்றும் இல்லை.

எனக்கு நிம்மதியாக இருக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்டேன். மறுக்கக்கூட இல்லையே அவர். குற்றமில்லாதவர் என்றால் ஒரு சத்தமாவது போட்டிருப்பார்.

16 மார்ச், திங்கள்

காலையில் தேத்தண்ணீரைத் தொடவில்லை. போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் போனார். அண்ணி என்னிடம் வந்து, என்ன ஆச்சு இவருக்கு என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன்.

அரிசியில் வண்டு. சலித்து வெயிலில் போட்டேன். பின்னேரம் சின்னத் தூறல், எல்லாவற்றையும் உள்ளே தூக்கினேன்.

17 மார்ச், செவ்வாய்

குண்டசாலை மேடத்துக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னேன், அதாவது பாதி உண்மையை. சரக்கு கெட்டுவிட்டது, சாராயம் சரியில்லை. மாதக் கடைசிக்கு ஒன்றாவது கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் நான் வேறு ஆள் பார்க்கவேண்டும் என்றார் மேடம். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

இஞ்சி என்றால் முடியும். காய்ந்த இஞ்சி, நல்ல சாராயம், தினம் இரண்டு வேளை குலுக்கினால் மாதக் கடைசிக்கு முடியும். நல்ல சாராயம் வேண்டும். அண்ணனிடம் கேட்க மாட்டேன்.

முச்சந்தியில் நிற்கிற த்ரீவீல்காரனிடம் கேட்டேன், வாங்கித் தருகிறாயா என்று. சிரித்துக்கொண்டே சரி அக்கே என்றான். சனிக்கிழமை கொண்டுவருவானாம்.

19 மார்ச், வியாழன்

அண்ணன் குடித்துவிட்டு வந்தார்.

பாட்டில்லை. சத்தமில்லை. கேட்டை ஒழுங்காகப் பூட்டி, செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார். வாடை அறை முழுக்க. அண்ணி அவர் முன்னால் போய் நின்றாள். அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். கழுத்தில் அந்தக் கயிறு இல்லை.

அண்ணி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். நீ அவர்கிட்ட என்ன சொன்ன என்றாள். ஞாயிற்றுக்கிழமை முதல் இங்க என்னமோ நடக்குது, எனக்குத் தெரியும் என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மீன் பக்கத்தில் வைத்த டம்ளர் வரைக்கும். தைரியமாகவே சொன்னேன். இந்தா பார், உன் புருசனின் யோக்கியதை என்பது போல.

அண்ணி அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் இல்ல. நாந்தான் தண்ணி ஊத்துனேன்."

எனக்கு விளங்கவில்லை.

"போன மாசத்துலருந்து, நீ வெளிய போற நேரமா பாத்து பாதிய சிங்க்குல கொட்டிட்டு தண்ணி ஊத்தி வைப்பேன். எப்பவாச்சும் வாய் வச்சாருன்னா ஏறக் கூடாதுன்னு. வெறும் தண்ணியா இருந்தா விட்டுருவாருல்ல."

அவர் வாய் வைத்தாரா என்று கேட்டேன்.

"ஒரு சொட்டுகூட இல்ல. ஜாடிக்குப் பின்னால பொட்டு ஒட்டி வச்சிருக்கேன், போய்ப் பாரு. தெனமும் மட்டம் பாத்தேன். நீ எடுக்குறதத் தவிர கொறையல."

போய்ப் பார்த்தேன். ஜாடியைத் திருப்பினேன். பின்பக்கம் ஒட்டுப்பொட்டுகள், சிவப்பு, ஒன்றுக்குக் கீழ் ஒன்று. அண்ணி வெள்ளிக்கிழமைகளில் வைத்துக்கொள்கிற அதே பொட்டு. நான் மருந்துக்கு எடுத்த ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. கடைசிப் பொட்டில்தான் சாராயம் நிற்கிறது.

அதற்குப் பிறகு நானும் அண்ணியும் சண்டை பிடித்தோம். கிசுகிசுத்துச் சண்டை, அவர் எழும்பிவிடக் கூடாதே என்று. நீ அதை இந்த வீட்டுக்குள் கொண்டுவராமல் இருந்தால் என்று அவள். நீங்கள் தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் என்று நான். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். என்னன்னு சொல்றது, கட்டுன புருசன நம்பலன்னா சொல்றது என்றாள்.

இரண்டு பெண்கள், ஒரு மனிதரை. அவள் பொட்டு ஒட்டிப் பார்த்தாள், நான் டம்ளரில் ஊற்றிப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு நான் சொன்னபோதெல்லாம் வைன் ஸ்டோர்ஸுக்குப் போய், அந்த வாடையில் வரிசையில் நின்று, வாங்கிப் பையில் போட்டு, ஒரு மூடியைக்கூடத் திறக்காமல் கொண்டுவந்து தந்திருக்கிறார். அதைவிடப் பெரிய விரதம் என்ன இருக்கிறது. கதிர்காமத்தில் சத்தியம் பண்ணுகிற எல்லோருக்கும் அது முடியாது. நான் அவர் நாக்கில் கொண்டுபோய் வைத்தேன். முதல் சொட்டை வைத்தது நான்.

என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

20 மார்ச், வெள்ளி

காலையில் அவர் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். போய் நின்றேன். அண்ணே, அண்ணி சொன்னாங்க, அது நீங்க இல்லைன்னு தெரியும் இப்ப, என்னை மன்னிச்சிருங்க என்றேன். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதால் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

அவர் பிரஷை நிறுத்தவில்லை.

"நீ கேட்டது சரிதானே தங்கச்சி. ருசி யாருக்குத் தெரியும்னு பாத்துத்தானே கேட்ட."

அப்படி இல்லை என்றேன். விடு என்றார். கோபமே இல்லை. அவர் என்னை ஒரு அறை அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அதைக்கூட எனக்காகத்தான் விரும்புகிறேன் பார்.

அண்ணியும் அவரிடம் ஏதோ சொல்லி அழுதாள், சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அவர் அவளுக்கும் விடு என்றுதான் சொன்னார்.

ஜாடியை வாழைமரத்தடியில் கவிழ்த்தேன். கழுவினேன். பொட்டுகள் நகத்தால் சுரண்டியும் முழுதாகப் போகவில்லை, பசை நிற்கிறது.

இரவு மறுபடியும் வாடையோடு வந்தார். நேற்றைவிடப் பிந்தி.

21 மார்ச், சனி

இஞ்சி காய்ந்துவிட்டது. போதாதென்று பழக்கத்தில் ஆடாதோடையும் பறித்து வாடப்போட்டு, இன்று காலையில் வெட்டியும் வைத்துவிட்டேன். த்ரீவீல்காரன் வரவில்லை. பின்னேரம் முச்சந்திக்குப் போனேன். சாமான் வாங்க மறந்துட்டேன் அக்கே என்றான். பக்கத்தில் நின்ற மற்றவன் சிங்களத்தில், அண்ணனும் தங்கையும் இரண்டு பேருமா என்று கேட்டான். இருவரும் சிரித்தார்கள்.

நஸீமா போன் எடுத்தாள். விநாகிரியிலேயே செஞ்சு குடுங்களேன் என்றாள். மேடம் விநாகிரி எடுக்கமாட்டார், வெள்ளைக்காரர்களுக்கு அந்தப் புளிப்பு பிடிக்காது என்றேன். மற்றதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கியிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். மாமிக்கு இருமல் குறைஞ்சிருக்காம், துஆ செய்றாவாம் எனக்கு.

வெட்டிய இலைக்குத் துணி போட்டு மூடியிருக்கிறேன். நாளைக்கு மேல் தாங்காது. அண்ணி குசினியில், நான் இங்கே. இரண்டு பேரும் கேட்டுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

22 மார்ச், ஞாயிறு

பகலெல்லாம் அவர் வீட்டில் இல்லை. மழை பெய்து ஓய்ந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தார். கடைப் பை இல்லை, பேப்பர் சுற்றவில்லை, கேட்டில் நின்று பார்க்கவில்லை. கைக்கு ஒன்றாக இரண்டு போத்தல். ஒழுங்கையில் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

சாமி படத்துக்கு நேரே, மேசையில் இரண்டையும் வைத்தார். அண்ணி விளக்குத் திரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கூப்பிட்டார்.

"ஒன்னு ஒனக்கு, மருந்துக்கு. ஒன்னு எனக்கு. இனிமே பிரிச்சே வாங்கிருவோம். யாரும் யாரையும் சந்தேகப்படத் தேவையில்ல."

வேண்டாம் அண்ணே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் வாழைமரத்தடியில் ஊற்றியிருக்க வேண்டும். குண்டசாலை இல்லாவிட்டால் போகட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அதைச் சொல்வேன் என்று.

இலை கறுக்கத் தொடங்கிவிட்டது. என் போத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.